பிரியாத செல்கள் நூற்ற பட்டு

ஆரணியிலும் சுற்றியுள்ள தேவிகாபுரம், முள்ளிப்பட்டு போன்ற ஊர்களிலும் நெய்யப்படும் ஒரு பட்டுச் சேலையில் சுமார் அரைக் கிலோ பட்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ கச்சாப் பட்டு எடுக்க, கூடு தரமாக இருந்தால், ஆறு ஏழு கிலோ வெண்கூடு வேண்டும். ஒரு கூட்டின் எடை ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல். ஆக, ஒரு சேலைக்கு ஏறக்குறைய 2,000 புழுக்கள் நூற்றிருக்கின்றன. இதுவரை கூடு வாங்குகிறவருக்கும் நூல் விற்கிறவருக்கும் மனப்பாடமான கணக்குதான். இதற்கு அடுத்த படி அவ்வளவாக யாரும் போடாத கணக்கு.

ஒவ்வொரு புழுவின் உடலிலும் இரண்டு பட்டுச் சுரப்பிகள் உண்டு. சாயமேற்றுவதற்கு முன்னால் சோப்பு கலந்த கொதிநீரில் வேகவைத்துப் பசையைப் போக்கிய பிறகு மிஞ்சுகிறதே, பளபளக்கும் இழை, அது ஃபைப்ராயின் என்ற புரதம். அதைச் செய்வது சுரப்பியின் பின்பகுதி மட்டும். அந்தப் பின்பகுதியில் இருப்பவை சுமார் 500 செல்கள். ஒரு புழுவுக்கு இரண்டு சுரப்பி, ஆக 1,000 செல்கள். 2,000 புழுக்களுக்கு 20 லட்சம். ஒரு முழுச் சேலையின் இழையையும் தந்தவை அவ்வளவே. நம் எலும்பு மஜ்ஜை ஒரு நொடியில் உருவாக்கும் ரத்தச் சிவப்பணுக்களின் எண்ணிக்கையும் ஏறத்தாழ அதேதான், 20 லட்சம்.

மஜ்ஜை இதைச் சாதிப்பது ஓயாமல் செல்களைப் பிரித்துப் பிரித்து. பட்டுச் சுரப்பியின் செல்களோ, புழு முட்டையிலிருந்து வெளியே வருவதற்கு முன்பே பிரிவதை நிறுத்திவிட்டவை. பொரிந்த நாளில் அரை மில்லிகிராம்கூடத் தேறாத புழு, ஏறத்தாழ 25 நாளில் எடையில் பத்தாயிரம் மடங்கு பெருக்கிறது. சுரப்பியும் கூடவே வளர்ந்து உடலுக்குள் மடிந்து மடிந்து அடைத்துக்கொள்கிறது. ஆனால் முதல் நாள் இருந்த அதே செல்கள்தான் கடைசி நாளும் இருக்கின்றன. ஒன்றுகூடக் கூடவில்லை. செல் பிரிவைப் பற்றிப் பள்ளிப் பாடத்தில் படித்த எவரையும் இது நிறுத்தி யோசிக்க வைக்கவேண்டும். பிரியாமல் ஒரு உறுப்பு இவ்வளவு எப்படி வளர்ந்தது?

பாடப்புத்தகம் செல் சுழற்சியை ஒரு வட்டமாக வரைந்து நான்காகப் பிரிக்கும். ஜி1 நிலையில் செல் வளர்கிறது. எஸ் நிலையில் தன் டி.என்.ஏ. முழுவதையும் ஒருமுறை படியெடுக்கிறது. ஜி2 நிலையில் படியெடுத்தது சரியா என்று பார்த்துத் தயாராகிறது. எம் நிலையில் குரோமோசோம்கள் சுருண்டு தடித்து, நடுவில் அணிவகுத்து, கதிர்கோல் இழைகளால் இருபுறமும் இழுக்கப்பட, செல் இரண்டாகிறது. 1880களின் தொடக்கத்தில் வால்தர் ஃப்ளெமிங் சாலமண்டர் செல்களுக்குச் சாயமேற்றிப் பார்த்து வரைந்த படங்களில் இந்தக் கடைசிக் காட்சிதான் உலகுக்கு முதலில் தெரிந்தது. அதனால்தானோ என்னவோ, செல் சுழற்சி என்றாலே பிரிவதுதான் நினைவுக்கு வருகிறது. படியெடுப்பது அதற்கான முன்வேலையாகப் பின்தள்ளப்பட்டுவிடுகிறது.

உண்மையில் அவை தனித்தனி வேலைகள். ஒவ்வொன்றுக்கும் தனி ஆணை உண்டு. 1982இல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலுயிர் ஆய்வகத்தில் டிம் ஹன்ட் கடல் முள்ளெலி முட்டைகளில் ஒரு விசித்திரமான புரதத்தைக் கண்டார். முட்டை பிரியும் நேரம் நெருங்க நெருங்க அது சேர்ந்துகொண்டே போனது, பிரிந்த கணத்தில் சட்டென்று மறைந்தது, மறுபடி சேரத் தொடங்கியது. அதற்கு சைக்ளின் என்று பெயரிட்டார். ஈஸ்டில் லேலண்ட் ஹார்ட்வெல்லும் பால் நர்ஸும் கண்டறிந்த மரபணுக்களோடு இது பொருந்தி வந்தபோது சுழற்சியின் இயங்குமுறை துலங்கியது. மூவருக்கும் 2001இல் நோபல் பரிசு கிடைத்தது. சைக்ளின்களில் பல வகை உண்டு. சைக்ளின் ஈ கூடினால் டி.என்.ஏ. படியெடுப்பு தொடங்கும். சைக்ளின் பி கூடினால் செல் பிரிவு தொடங்கும். இரண்டும் வெவ்வேறு புரதங்கள், வெவ்வேறு நேரத்தில் வருபவை. எனவே ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட முடியும். பட்டுப்புழு செய்வது அதைத்தான்.

முட்டைக்குள் கரு உருவாகும்போது, கீழுதடாக ஆகவேண்டிய பகுதியின் தோல் உள்நோக்கிக் குழிந்து இரண்டு குழாய்களாகிறது. அவைதான் பட்டுச் சுரப்பிகள். அதுவரை அந்தச் செல்கள் மற்ற எல்லாச் செல்களையும்போல ஒழுங்காகப் பிரிகின்றன. முன்பகுதி, நடுப்பகுதி, பின்பகுதி மூன்றும் சேர்ந்து ஒரு சுரப்பிக்கு ஆயிரம் செல்களை எட்டியதும் பிரிவு நிற்கிறது. படியெடுப்பு நிற்பதில்லை. எஸ், சிறு இடைவெளி, மறுபடி எஸ், மறுபடி இடைவெளி. எம் நிலை மட்டும் சுழற்சியிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. இதற்கு எண்டோசைக்கிள் என்று பெயர். தறியைக் கூட்டாமல், ஜக்கார்டு பெட்டிக்கான டிசைன் அட்டைகளை மட்டும் ஒரே பட்டறைக்குள் படியெடுத்து அடுக்கிக்கொண்டே போவதாக நினைத்துக்கொள்ளலாம். அட்டை இரண்டு செட், நான்கு செட், எட்டு செட் என்று பெருகுகிறது. பட்டறை என்னவோ ஒன்றுதான், ஆனால் அது விரிந்துகொண்டே போகிறது.

எத்தனை முறை? பின்பகுதிச் செல்களில் 17, 18 சுற்றுகள். இரட்டிப்பின் வலிமை அப்போது தெரியும். சாதாரணச் செல்லில் இரண்டு பிரதி ஜீனோம் இருக்குமென்றால், கூடு கட்டத் தயாரான புழுவின் சுரப்பிச் செல் ஒவ்வொன்றிலும் லட்சக்கணக்கில் இருக்கும். 4 லட்சம் வரை அளந்திருக்கிறார்கள். பட்டுப்பூச்சியின் ஒரு பிரதி ஜீனோம் சுமார் 46 கோடி எழுத்துகள் கொண்டது, நீட்டிப் பிடித்தால் 15 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். இரண்டரை லட்சம் பிரதி என்று குறைத்தே கொண்டாலும் ஒரே செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வின் நீளம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ஆரணியிலிருந்து வேலூர் போகும் தூரம் அது. ஒரு முழுக் கூட்டைப் பிரித்தால் கிடைக்கும் பட்டிழையோ ஒரு கிலோமீட்டர், கூடிப்போனால் ஒன்றரை. இவ்வளவும் ஓர் உருண்டை உட்கருவுக்குள் அடங்காது என்பதால், இந்தச் செல்களின் உட்கரு கிளை கிளையாகப் பிரிந்து செல் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் முதலில் அது உட்கரு என்றே தோன்றாது.

இந்த மாற்றம் எப்போது, எந்த ஆணையில் நடக்கிறது என்பதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் கே.பி. கோபிநாதனின் ஆய்வகம் தேடியது. 2003இல் அவரும் சங்கீதா தவானும் வெளியிட்ட கட்டுரை, பட்டுச் சுரப்பி வளரும்போது செல் சுழற்சியில் நடப்பவற்றைக் கருநிலையிலிருந்தே பின்தொடர்ந்தது. சேலைக்கு வரும் நூலில் பெரும்பகுதி விளையும் கர்நாடகத்திலேயே இந்தக் கேள்வி எழுப்பப்பட்டது பொருத்தம்தான். நம் நாட்டில் பட்டு ஆய்வு என்றால் மகசூல், நோய், இனக்கலப்பு என்றுதான் பெரும்பாலும் பேசுகிறோம். அடிப்படை உயிரியலுக்கு இப்படியொரு செல்லை உலகில் வேறெங்கும் எளிதில் தேடிப்பிடிக்க முடியாது என்பதைப் போதுமான அளவு நாம் சொல்லிக்கொள்வதில்லை.

எண்டோசைக்கிளின் இயங்குமுறையில் நுட்பமான ஓர் இடம் உண்டு. சைக்ளின் பி-ஐ இல்லாமல் செய்தால் பிரிவு நிற்கும், சரி. சைக்ளின் ஈ-யை எப்போதும் உயர்த்தியே வைத்தால் படியெடுப்பு நிற்காமல் நடக்குமா? நடக்காது. டி.என்.ஏ.வில் படியெடுப்பு தொடங்கும் இடங்கள் ஒவ்வொன்றும் முன்கூட்டியே அனுமதி பெற்றிருக்க வேண்டும். சைக்ளின் ஈ தாழ்ந்திருக்கும்போது மட்டுமே அந்த அனுமதி கிடைக்கும். உயர்ந்ததும் அனுமதி செலவாகிவிடும். ஒரு சுற்றில் ஒரே இடம் இரண்டு முறை படியாகிவிடாமல் காக்கும் ஏற்பாடு இது. ஆகவே பிரிவை உதறிய செல்லிலும் சைக்ளின் ஈ ஏறி இறங்கி, ஏறி இறங்கியே ஆகவேண்டும். இரண்டு எஸ் நிலைகளுக்கு இடையிலான அந்தச் சிறு இடைவெளிக்குக் காரணம் இதுதான்.

சரி, ஏன் பிரியக்கூடாது? பிரியும்போது குரோமோசோம்கள் இறுகச் சுருண்டுவிடுவதால் மரபணுக்கள் பெரும்பாலும் வாயடைத்துப்போகின்றன. செல் தன் உள்கட்டுமானத்தைக் கலைத்து உருண்டு திரள்கிறது. குழாயின் சுவராக நின்று, உட்புறமாகப் புரதத்தைக் கொட்டிக்கொண்டிருக்க வேண்டிய செல்லுக்கு அது கட்டுப்படியாகாது. பட்டுச் சுரப்பியின் குழாயைச் சுற்றி எந்த இடத்தில் வெட்டினாலும் இரண்டே செல்கள்தான் எதிரெதிராக வளைந்து நிற்கும். அதில் ஒன்று வேலையை நிறுத்திப் பிரியப் போனால் குழாயே குலையும்.

இன்னொரு கேள்வியும் நியாயமானது. தேவைப்படுவது ஃபைப்ராயின் மரபணு ஒன்றுதான் என்றால், அதை மட்டும் படியெடுத்தால் போதாதா? மொத்த ஜீனோமையும் எதற்கு லட்சம் தடவை? இந்தக் கேள்வியை முதலில் அளந்து பார்த்தவர்கள் அமெரிக்காவின் பால்டிமோரில் கார்னெகி ஆய்வகத்தில் இருந்த டொனால்ட் பிரவுனும் ஜப்பானிலிருந்து வந்த யோஷியாகி சுசுகியும். தவளை முட்டைச் செல்லில் ரைபோசோம் மரபணுக்கள் மட்டும் தனியாகப் பெருக்கப்படுவதை 1968இல் பிரவுன் கண்டிருந்தார். பட்டுச் சுரப்பியிலும் அப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்க்க இடமிருந்தது. 1972இல் வந்த விடை வேறு. சுரப்பியானாலும் உடலின் வேறு திசுவானாலும், ஒரு ஜீனோமுக்கு ஃபைப்ராயின் மரபணு கிட்டத்தட்ட ஒன்றுதான். தனிச் சலுகை எதுவும் அதற்கு இல்லை. மாறாக, ஒவ்வொரு மரபணுவிலிருந்தும் சுமார் 10,000 தூது ஆர்.என்.ஏ. உருவாகிறது. அவை நாள்கணக்கில் அழியாமல் நிற்கின்றன. ஒவ்வொரு தூது ஆர்.என்.ஏ.விலிருந்தும் சுமார் ஒரு லட்சம் ஃபைப்ராயின் மூலக்கூறுகள். நான்கு நாளில் ஒரே மரபணுப் பிரதி 100 கோடி மூலக்கூறுகளைத் தந்துவிடுகிறது. இதைச் செல்லுக்குள் இருக்கும் லட்சக்கணக்கான பிரதிகளால் பெருக்கிக்கொள்ள வேண்டும். மரபணு ஒழுங்குமுறை பற்றிய பாடப்புத்தகங்களில் இந்தக் கணக்கு நெடுநாள் எடுத்துக்காட்டாக இருந்தது.

புழு வளர்ப்பவர்கள் அறிந்த ஒன்று இங்கே சேர்கிறது. புழு நான்கு முறை தோலுரிக்கும். ஒவ்வொரு முறையும் தலையைத் தூக்கிக்கொண்டு, இலை தின்னாமல், ஒரு நாள் தூங்கும். அப்போது இலை போடுவதை நிறுத்திப் படுக்கையை உலரவிடுவார்கள். அந்தத் தூக்கத்தில் ஃபைப்ராயின் மரபணுவும் அணைந்துவிடுகிறது, அதுவரை சேர்ந்த தூது ஆர்.என்.ஏ.வும் சிதைக்கப்படுகிறது. விழித்துத் தின்னத் தொடங்கியதும் மறுபடி இயங்குகிறது. 1980இல் சுசுகியின் குழு இதைக் காட்டியது. டி.என்.ஏ. படியெடுப்பும் புழு தின்னும் காலத்தோடு சேர்ந்தே நடக்கிறது. பழ ஈயில் 1998இல் நடந்த ஆய்வு காரணத்தைத் தெளிவாக்கியது: எண்டோசைக்கிளில் இருக்கும் செல்கள் உணவு நின்றதும் நின்றுவிடும், உணவு வந்ததும் தொடரும். ஐந்தாம் பருவத்தில்தான் புழு தன் வாழ்நாள் இலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தின்கிறது. அதன் முதல் நாட்களில் போடும் மல்பெரி இலை சுரப்பியில் டி.என்.ஏ.வாகவும், பிந்திய நாட்களில் போடுவது பட்டாகவும் ஆகிறது என்று சொன்னால் பெரிய தவறில்லை.

சுரப்பிச் செல் பிரிவைக் கைவிட்ட செல். அதே பூச்சியின் முட்டையில் நேர்மாறான ஒன்றைக் காணலாம்: பிரிவின் வாசலில் வந்து நின்று மாதக்கணக்காகக் காத்திருக்கும் செல்கள். நல்ல வெண்கூடு தரும், ஆண்டுக்கு இரு தலைமுறை காணும் பைவோல்டின் இனங்களின் பூச்சி இடும் முட்டை, குளிர்நாட்டில் பனிக்காலத்தைக் கடக்கவேண்டும் என்ற பழைய தேவையால் உறங்கிவிடும். இட்டபோது மஞ்சளாக இருந்தது ஓரிரு நாளில் கருத்துவிடும். அந்தக் கருவின் செல்களைச் சோதித்தவர்கள் அவை ஜி2 நிலையில் நிற்பதைக் கண்டார்கள். படியெடுத்து முடித்தாயிற்று. அடுத்தது பிரிவு. அங்கே நிறுத்தம். நிறுத்தச் சொன்னது கருவுமல்ல, குளிருமல்ல. தாய்ப்பூச்சியின் தலையில் உணவுக்குழாய்க்குக் கீழே உள்ள நரம்பு முடிச்சு சுரந்த ஒரு ஹார்மோன். 1951இல் ஜப்பானில் ஹாசெகாவாவும் ஃபுகுடாவும் தனித்தனியாக இதைக் கண்டறிந்தனர். அந்தத் தாய், தான் முட்டைக்குள் கருவாக இருந்தபோது உணர்ந்த வெப்பத்தையும் வெளிச்சத்தையும் பொறுத்து அதைச் சுரக்கிறது. ஒரு தலைமுறை உணர்ந்த பருவநிலை, அடுத்த தலைமுறையின் செல் சுழற்சியை நிறுத்துகிறது.

பழைய மைசூர் இனத்து முட்டை இப்படி உறங்குவதில்லை. ஆண்டு முழுவதும் வளர்க்க அது தோதாக இருந்தது அதனால்தான். இன்று கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் வெண்கூடு வளர்க்கும் விவசாயிக்கு உறங்கிவிடாத முட்டை வேண்டும். அதற்காக முட்டை வித்தகங்களில் செய்வது பார்ப்பதற்கு முரட்டுத்தனமாகத் தோன்றும். முட்டையிட்டு 20 மணி நேரம் ஆனதும், சுமார் 46 டிகிரி செல்சியஸ் சூடான நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஐந்து நிமிடம்போல முக்கியெடுத்து, நன்றாகக் கழுவி உலர்த்துகிறார்கள். உறக்கம் பிடிப்பதற்கு முன்பே அது தவிர்க்கப்படுகிறது. செல்கள் ஜி2-வைத் தாண்டிப் பிரிந்துகொண்டே போக, பத்துப் பதினொரு நாளில் புழு வந்துவிடுகிறது. செல் சுழற்சியின் ஒரு கட்டத்தை அமிலத் தொட்டியால் திருப்பிவிடும் தொழில் இது. செல் சுழற்சி என்ற சொல்லே புழக்கத்தில் இல்லாத காலத்திலிருந்து நடந்துவருகிறது.

இதே பூச்சி சுழற்சியை வேறு வகையிலும் திருத்திக்கொள்கிறது. கருவுற்ற முட்டையின் முதல் சில மணி நேரத்தில் உட்கருக்கள் மட்டும் பிரிந்து பெருகும், அவற்றைப் பிரிக்கும் செல் சவ்வு பிறகுதான் வரும். பெண் பூச்சியில் முட்டைச் செல் உருவாகும் குன்றல் பிரிவின்போது, மற்ற உயிர்களில் நடப்பதுபோல இணைக் குரோமோசோம்கள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்வதில்லை. சாதாரணப் பிரிவிலும் கதிர்கோல் இழைகள் குரோமோசோமை ஒரு புள்ளியில் பற்றாமல் அதன் நீளம் நெடுகப் பற்றுகின்றன. அந்த ஒற்றைப் புள்ளியை அடையாளம் காட்ட ஏறக்குறைய எல்லா விலங்குகளிலும் இருக்கும் புரதம் பட்டுப்பூச்சியில் இல்லவே இல்லை என்று 2014இல் தெரியவந்தது.

நம் உடலிலும் எண்டோசைக்கிள் போன்ற ஏற்பாடுகள் உண்டு. மஜ்ஜையில் சிவப்பணுக்களுக்குப் பக்கத்திலேயே மெகாகேரியோசைட் என்னும் ராட்சதச் செல்கள் இருக்கின்றன. அவை முழுதாகப் பிரியாமல் 16, 32 பிரதி என்று டி.என்.ஏ.வைப் பெருக்கிக்கொண்டு, பிறகு தம் உடலைத் துணுக்குகளாக்கி ரத்தத் தட்டணுக்களைத் தருகின்றன. டெங்கு வந்தால் எண்ணிப் பார்க்கிறோமே, அதே தட்டணுக்கள். கல்லீரலிலும் இதயத் தசையிலும் நான்கு பிரதி, எட்டுப் பிரதி கொண்ட செல்கள் சகஜம். ஆபத்து வருவது, இப்படிப் பெருத்த செல் மறுபடி பிரிய முயலும்போது. குரோமோசோம்கள் சமமாகப் பங்கிடப்படாமல் தாறுமாறாகச் சிதறும். புற்றுநோய்க் கட்டிகள் பலவற்றில் இந்தக் குழப்பத்தைக் காணலாம். பட்டுச் சுரப்பியில் அதற்கு வாய்ப்பே வைக்கப்படவில்லை. நூற்று முடித்த புழு கூட்டுப்புழுவாக மாறும்போது, எக்டைசோன் ஹார்மோனின் ஆணையில் சுரப்பிச் செல்கள் தம்மைத் தாமே சிதைத்துக்கொள்கின்றன.

இந்தச் செல்களின் படியெடுப்பைக் கூட்டினால் பட்டு கூடுமா என்று சீன ஆய்வாளர்கள் கேட்டுப் பார்த்தார்கள். ராஸ் என்ற வளர்ச்சிப் புரதத்தின் எப்போதும் இயங்கும் வடிவத்தைச் சுரப்பியின் பின்பகுதியில் மட்டும் மிகுதியாக்கினார்கள். 2011இல் வந்த முடிவின்படி, செல்கள் பெரிதாயின, டி.என்.ஏ. பெருகியது, பட்டு மகசூல் சுமார் 60 சதவீதம் உயர்ந்தது. புழு கூடுதலாகத் தின்ற இலை 20 சதவீதம்தான். மரபணு மாற்றிய புழு விவசாயியின் கொட்டகைக்கு வருவதற்குச் சட்டமும் சூழலும் சார்ந்த கேள்விகள் நிறைய உண்டு. அவற்றைத் தள்ளிவிட்டு அவசரப்பட வேண்டியதில்லை. ஆனால் ஓசூரில் மத்தியப் பட்டு வாரியத்தின் மரபு வள மையத்தில் நூற்றுக்கணக்கான பட்டுப்புழு இனங்கள் உயிரோடு காக்கப்படுகின்றன. கூட்டின் எடையிலும் இழையின் நீளத்திலும் அவை ஒன்றுக்கொன்று எவ்வளவோ வேறுபடுகின்றன. அந்த வேறுபாட்டில் எவ்வளவு பங்கு, சுரப்பிச் செல் எத்தனை சுற்றுப் படியெடுத்தது என்பதிலிருந்து வருகிறது? எந்த மரபணுவையும் மாற்றாமலே, நம்மிடம் இருக்கும் இனங்களை வைத்தே இதை அளக்க முடியும். ஆரணியின் தறிகளுக்கு நூல் வந்து சேரும் வழியில், இவ்வளவு அருகில், இவ்வளவு தெளிவாகக் கேட்கக்கூடிய கேள்வி இது.